நீ வெட்டி எடுத்த சத்தம்

நேற்று எங்கள் ஆபீசில் யு.பி.எஸ். கெட்டுப்போனது. பழுதுபார்க்க வந்தவர் என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நெஞ்சு அடைத்தது, கண் கலங்கியது என்று எழுத ஆசைதான் அண்ணே. உன் நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு வந்தது எரிச்சல். வருஷக்கணக்கில் உன் மொட்டைமாடி அறையிலிருந்து இறங்கி வந்து, அம்மா காயப்போட்ட சேலையிலும் மூடாமல் வைத்த சோற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்த வாடை அது.

"ஏளா, மூக்கப் பொத்தாத. மேல சத்தம் வேகுது" என்பாய்.

"வெந்ததும் நீயே தின்னு" என்பேன்.

இப்படித்தான் நாம் பேசிக்கொண்டோம். ஆனால் உன்னைப் பற்றி இப்போது வருகிற கட்டுரைகளைப் படித்தால், நான் யாரோ ஒரு ஞானியோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறேன் என்று தெரிகிறது. "முத்துக்குளிப்போர் பரம்பரையில் உதித்த கலகக்காரர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் அப்பா கப்பல் ஏஜென்சியில் கிளார்க். முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீரில் நின்றதில்லை. பீச்சுக்குக் கூட்டிப்போனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரோட்டோரம் நின்று நம்மை "போதும், வாங்க" என்று கூப்பிடுகிற மனுஷன். நீயும் சாகிறவரை நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பரம்பரைக் கதையை முதலில் அச்சடித்தது ஏதோ ஒரு வெளிநாட்டு விழாக்காரர்கள். அந்தத் துண்டறிக்கையைக் காட்டி "இது பொய்யாச்சே" என்று நான் கேட்டபோது நீ கொஞ்சமும் கூசவில்லை. "அவன் அப்படிப் புரிஞ்சிக்கிட்டான். அரசியலா பாத்தா தப்பு இல்ல" என்றாய். அரசியலாகப் பார்த்தால் உனக்கு எதுவுமே தப்பாக இருந்ததில்லை.

கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், ஒருநாள் பெட்டியோடு வந்து நின்று, இனிப் போகமாட்டேன் என்றாய். அம்மா காரணம் கேட்டாள். "முதலாளியோட இஞ்சின் சத்தத்த மாசக்கணக்கா காதுக்குள்ள வாங்கிக்கிட்டு இருந்தேன். இனி நான் அத அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப் போறேன்" என்றாய். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனுக்குக் கப்பலில் ஏதோ காத்துக்கருப்பு பட்டுவிட்டது என்று மாதா கோயில் சாமியாரிடம் கூட்டிப்போய் மந்திரிக்கப் பார்த்தாள். நீ மாடியில் ஒயர்களை விரித்து உட்கார்ந்தாய். ஹார்பர் கிரேன், கரி ஏற்றும் பெல்ட், உப்பளத்து மோட்டார் என்று எல்லாவற்றையும் பதிந்து வந்து, நீயே பற்றவைத்துச் செய்த பெட்டிக்குள் போட்டு இழுத்து, நசுக்கி, தலைகீழாக்கி, சுவர் அதிர விடுவாய். பாட்டு என்ற சொல்லே உனக்கு ஆகாது. நான் கோயில் பாடகர் குழுவில் பாடுவது உனக்குப் பெரிய கேலி. "பாட்டுன்னா தாளம் போட்டுட்டு மறந்துட்டுப் போயிருவான். நான் தாரது சாட்சியம்" என்பாய். சாட்சியத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்கு வேறு வீடு பார்த்துப் போனார்.

உன் முதல் கச்சேரியை நான் மறக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர்களின் சங்கக் கூடம், மே தினச் சாயங்காலம். வேலை முடிந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீ விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு கிரேன் சத்தத்தைப் போட்டாய். கொஞ்ச நேரம் மரியாதைக்காகக் கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து டீக்கடைப் பக்கம் போனார்கள். கடைசியில் சங்கத்துப் பெரியவர் உன் தோளைத் தொட்டு, "தம்பி, இதக் கேக்காம கொஞ்ச நேரம் இருக்கத்தான் இங்கன வந்தோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நீ அவர்களை ஏசிய ஏச்சு இருக்கிறதே. அடிமைப் புத்தி, மரத்துப்போன காது, சினிமாப் பாட்டுக்கு விலைபோனவர்கள். யாருக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாயோ அவர்களை உன்னைப்போல் இழிவாகப் பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸ் முதலாளிகூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு உன் தோழர்கள் வந்து சேர்ந்தார்கள். சென்னையிலிருந்தும் அதற்கு மேலேயிருந்தும் வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு உன் சத்தத்தைக் கேட்பார்கள். முடிந்ததும் உடனே பேசக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்; ஒருவரை ஒருவர் பார்த்து மெல்லத் தலையாட்டுவார்கள். பிறகு கீழே வந்து அம்மா வைத்த சீலாமீன் குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அதில் முக்கியமானவர், தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பவர், "அம்மா, இது உழைக்கிற வர்க்கத்தின் கை" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சாப்பிட்ட தட்டை அந்தக் கைதான் கழுவியது. ஒரு தடவைகூட அவரோ நீயோ எழுந்து கழுவவில்லை.

உன்னைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்த ஒரே ஆள் மிக்கேல்தான். பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். படிப்பு ஏறாமல் தன் அப்பாவோடு சங்கு குளிக்கப் போய்விட்டான். வள்ளத்தில் மூச்சுக்காற்று அனுப்புகிற கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வருகிற டியூபை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் இறங்கி மணலில் சங்கு பொறுக்குகிற வேலை. உன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஏலே, எங்க வள்ளத்து இஞ்சின் மக்கர் பண்ணினா இதவிட நல்லா பாடுமே" என்பான். மற்ற யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிற நீ, அவன் சொன்னால் சிரிப்பாய். தண்ணீருக்குள் வேலை செய்கிற மைக் ஒன்றை நீயே செய்து, அவனோடு வள்ளத்தில் போனாய். குமட்டல் தாங்காமல் வாந்தி எடுத்து, திரும்பி வரும்போது அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய் என்று அவன்தான் நம் அடுப்படியில் நின்று சொன்னான். எதற்கு இந்த வீண் பாடு என்று நான் கேட்டதற்கு அவன் சொன்னான்: "கடலுக்கு அடியில பெருசா ஒரு சத்தமும் கெடையாது தங்கச்சி. என் மூச்சுதான் எனக்குக் கேக்கும். பயந்தா வேகமா கேக்கும், அவ்வளவுதான். இவன் அதப் பதியணுமாம்."

அந்த வருஷத்துக்குள்ளேயே மிக்கேல் போய்விட்டான். ஆழத்தில் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுபோனது. ஒரேயடியாக மேலே ஏறி வந்தவனுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. அந்த மாதிரி வந்தவர்களை வைத்து மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைக்கிற அறை ஒன்று வேண்டும் என்று சங்குகுளிக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மத்தியானம் கடலோரம் திரேஸ்புரத்தில் அவன் வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவன் மனைவி லூர்து அவன்மேல் விழுந்து அழுதாள். நான் பெண்களோடு வாசல் பக்கம் நின்றேன். நீ உள்ளே அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உன் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற ரெக்கார்டர் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பிறகு நீ செய்ததுதான் "மூச்சு". மிக்கேலின் கம்ப்ரசர் சத்தம், தண்ணீருக்குள் அவன் விட்ட மூச்சு, அதன்மேல் லூர்துவின் அழுகை. அதுதான் உன்னைப் பெரிய ஆளாக்கியது. குளிர் தேசங்களில் போட்டுக் காட்டினாய். எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள் என்று வந்து சொன்னாய். அந்த அழுத்த அறையைக் கேட்டு நடக்கிற போராட்டத்துக்கு இது ஆயுதம் என்றாய். எந்தப் போராட்டக்காரனும் அந்த ஆயுதத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. திரேஸ்புரத்தில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வீட்டில்கூட நீ அதைப் போட்டுக் காட்டவில்லை.

லூர்துவுக்குத் தெரியவந்தது கொண்டைத் தோழரின் புண்ணியத்தில். அவளைக் கௌரவிக்கப் போகிறேன் என்று போர்த்த ஒரு துண்டோடு போனவர், தன் போனில் அதைப் போட்டுக் காட்டினாராம். அவள் நன்றியில் அழுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மறுநாள் காலையில் அவள் நம் வீட்டு முன்னறையில் வந்து நின்றாள். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ மாடியிலிருந்து இறங்கி வந்தாய்.

"அண்ணே, நான் அழுதத நீங்க பதிஞ்சீங்களா?"

நீ உட்காரச் சொன்னாய். அவள் உட்காரவில்லை.

"அது உன் அழுக மட்டும் இல்ல லூர்து. இந்தக் கடக்கரை பூராவும் அழுத அழுக" என்றாய். மேடையில் பேசுகிற அதே குரல்.

"கடக்கரை பூராவும் மறுநாளே தொழிலுக்குப் போயிட்டு. நாந்தான் அழுதுக்கிட்டு கெடந்தேன்" என்றாள். "அதுல நான் அவர ஏசியிருக்கேன். எங்க ரெண்டு பேருக்கு உள்ளதெல்லாம் சொல்லியிருக்கேன். அத வெள்ளக்காரன்லாம் கேட்டானா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா."

"தெரியாதவங்கிட்ட எதுக்குப் போட்டீங்க?"

வாயே ஓயாதவன், வர்க்கம், ஒலி, எதிர்ப்பு என்று மூன்று மொழியில் பேசுகிறவன், அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அழித்துவிடுங்கள் என்று கேட்டாள். "யோசிக்கேன்" என்றாய். அவள் போன பிறகு நான் கேட்டேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. "ஏளா, உனக்கு விளங்காது" என்று மாடிக்கு ஏறிவிட்டாய்.

யோசித்து நீ கண்டுபிடித்தது என்ன என்பதைப் பிற்பாடு பத்திரிகையில் படித்தேன். ஏதோ ஒரு மேடையில், "துயரம் தனிச்சொத்து அல்ல" என்று பேசியிருந்தாய். நீ குடிக்கிற டம்ளரில் வேறு யாராவது காப்பி குடித்துவிட்டால் அன்றைக்கு வீடே ரெண்டுபடும். உன் ஒயரை ஒருவர் தொடக்கூடாது, உன் நாற்காலியில் ஒருவர் உட்காரக்கூடாது. லூர்துவின் அழுகை மட்டும் பொதுச்சொத்து. அன்றோடு நான் மாடிக்கு வருவதை நிறுத்தினேன். நீ அதைக் கவனித்தாயா என்பதுகூட எனக்குத் தெரியாது. நீயும் திரேஸ்புரம் பக்கம் போவதை நிறுத்தினாய். அந்த வழியாகப் போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போனாய். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. "மூச்சை" மட்டும் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு அலைந்தாய்.

சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து முடிந்துபோனாய். கொண்டுவந்து நம் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் வைத்தோம். அங்கேயும் உன் தோழர்கள் விடவில்லை. சாமியார் ஜெபம் முடிக்கிறவரை பொறுத்திருந்து, ஸ்பீக்கர் வைத்து உன் கிரேனைப் போட்டார்கள். குழி மூடிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்தி, "அங்கன எதுவும் ஜெனரேட்டர் ஓடுதா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை, அது எங்க அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். துக்க நேரம் என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.

போன மாதம் கொண்டைத் தோழர் மறுபடி வந்தார். உன் வேலைகளை எல்லாம் சேர்த்து வெளிநாட்டில் இசைத்தட்டாகப் போடுகிறார்களாம். கூடப்பிறந்தவள் என்பதால் என் சம்மதம் வேண்டுமாம். பூட்டியே கிடந்த மாடி அறையைத் திறந்துவிட்டேன். அவர் உன் கம்ப்யூட்டரைப் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். "மூச்சு" என்று பெயர் போட்டு ஏகப்பட்டது இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததைப் போட்டுக் கேட்டவர் முகம் சுளித்தார்.

"இது முதல்ல பதிஞ்சது தோழர். பயன்படாது. லூர்தம்மா குரல் அமுங்கிக் கேக்குது, மைக்குக்குப் பக்கத்துல வேற நாய்ஸ் ஜாஸ்தி. அண்ணன் ரொம்ப நாள் உட்கார்ந்து துண்டு துண்டா எடுத்திருக்கார் பாருங்க. ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சுத்தமாயிருக்கு. பெரிய உழைப்பு."

அவர் நாய்ஸ் என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மூச்சுத் திணறுகிறது, மூக்கு உறிஞ்சுகிறது, தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல் ஒரு கேவல் வந்து அடங்குகிறது, மறுபடி வருகிறது. மைக்குக்கு அத்தனை பக்கத்தில், சட்டைப் பைக்குள் இருக்கிற மைக்குக்கு அத்தனை பக்கத்தில், யார் அழமுடியும்? அம்மாவைக் குழிக்குள் இறக்கும்போது நீ கண் கலங்காமல் நின்றாய். தோழர் உறுதியான மனுஷர் என்று உன் ஆட்கள் பெருமைப்பட்டார்கள். உனக்கு அழத் தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"இது நாய்ஸ் இல்ல. எங்க அண்ணன் அழுறான்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி போட்டுக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"அப்படின்னா இது இன்னும் பெரிய விஷயமாச்சே. இதையே போடலாம் தோழர். கேக்கிறவங்க உடைஞ்சுபோயிருவாங்க."

இது, "மூச்சு" இரண்டையும் போடவேண்டாம் என்றேன். மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், மிக்கேல் வீட்டுச் சத்தம் மட்டும் வேண்டாம்.

"அதுதானே அண்ணனோட மைய வேலை. அது இல்லாம எப்படி?"

"மையம் இல்லாமப் போடுங்க" என்றேன்.

அவர் வரலாறு, பொறுப்பு என்று என்னென்னவோ பேசினார். இறங்கிப் போகும்போது, நான் உன்னைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். இருக்கட்டும். வேண்டாத சத்தம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்று மேடைக்கு மேடை பேசியவன் நீ. இரும்பு, புகைக்குழாய், நாய் குரைப்பது என்று எல்லாச் சத்தத்துக்கும் இடம் கொடுத்தாய். உன்னுடையதை மட்டும் குப்பை என்று வெட்டினாய். எங்கள் தலைக்குமேல், அந்த மாடி அறையில், நாள் கணக்காக உட்கார்ந்து உன்னையே சுரண்டி எடுத்துவிட்டு, அவள் அழுகையைச் சுத்தமாக்கி வெளியே கொண்டுபோயிருக்கிறாய். உன்மேல் எனக்கு இருந்த இளக்காரம் அத்தனையும் போதாது என்று அன்றைக்குத் தோன்றியது. கோழைப் பயலே என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரேஸ்புரம் போனேன். லூர்து இப்போது நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். ஓடு கிழித்த விரல்கள். நடந்ததைச் சொல்லி, அந்த முதல் பதிவைப் போனில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன், அவள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் போகாது, அழிக்கச் சொன்னால் அவள் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் இயர்போனை வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் சுருங்கியது.

"இது யாரு, பக்கத்துல?"

"அண்ணன்."

மேலும் கேட்டாள். "அன்னைக்கு அந்த ஆளு போனுல இது இல்லையே."

"எடுத்துட்டான்."

"எதுக்காம்?"

"தெரியல லூர்து."

"வெக்கமா இருந்திருக்கும்" என்றாள்.

கடைசிவரை கேட்டாள். குளிப்பாட்டுவதற்காக எல்லாரையும் வெளியே போகச் சொல்கிற சத்தம் அதில் இருக்கிறது. கால்கள் நகருகின்றன, அவளுடைய அழுகை தூரமாகப் போகிறது. பிறகு நீ மட்டும் இருக்கிறாய். மூக்கை உறிஞ்சிவிட்டு, தணிந்த குரலில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுப்புவதுபோல, "ஏலே மிக்கேலு. எந்திலே" என்கிறாய். அதோடு நின்றுவிடுகிறது.

லூர்து இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுப்பிப் பாத்திருக்காரு" என்றாள். "நானும் அன்னைக்குப் பூரா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத என் போன்ல ஏத்திவிடுங்க. அழிக்க வேண்டாம். வேற யாருக்கும் கொடுக்காதீங்க" என்றாள். உன்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அது உனக்கும் அவளுக்கும் உள்ளது.

இசைத்தட்டு வரும்போது வரட்டும். எனக்கு ஒன்று அனுப்புவார்கள், நான் கேட்கப்போவதில்லை. உன் கிரேன்களும் பெல்ட்டுகளும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, பிடிக்கப்போவதும் இல்லை. நீ சத்தத்தால் உலுக்கிய அதிகாரம் எது என்று இன்றுவரை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஹார்பர் அங்கேதான் இருக்கிறது, அழுத்தம் குறைக்கிற அந்த அறை இன்னும் வரவில்லை, பையன்கள் அதே டியூபைக் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். உன் தோழர்கள் உன்னைக் கலகக்காரன் என்று எழுதிக்கொள்ளட்டும்.

என்னிடம் இருப்பது, செத்துக் கிடக்கிறவனை எந்திலே என்று கூப்பிட்ட குரல். பாடகர் குழுவில் நிற்கும்போது, ஆபீசில் சரக்கு லாரிக்குச் சீட்டுப் போடும்போது, காரணமே இல்லாமல் அது காதுக்குள் வந்து போகிறது. நீ பதிந்த அத்தனையிலும் எனக்கு விளங்கியது அந்த ஒன்றுதான் அண்ணே. அதைத்தான் நீ வேண்டாம் என்று வெட்டிப் போட்டிருந்தாய்.